மாடிச் சட்டை

"கொஞ்சம் உங்க பக்கம் சாய்ச்சுக்குங்க சார், கைப்பிடில முட்டுது" என்றார் எதிர்வீட்டு டிரைவர்.

மருமகன் சாய்த்துக்கொண்டான். நாற்காலியோடு சேர்த்துப் போர்வையால் கட்டியிருந்த மாமனார், தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். கையிலிருந்து நழுவிய திருகாணியைத் தரையில் தேடுகிறவர் மாதிரி இருந்தது. வேலை செய்த காலமெல்லாம் ஊரார் ஏறி இறங்க லிஃப்டுகளைப் பழுதுபார்த்த மனிதர். அவரைக் கடைசியாக இறக்குவதற்கு, ஒருவர் ஏறினால் எதிரே இன்னொருவர் வர முடியாத இந்த மாடிப்படிதான் வாய்த்தது. வளைவில் திரும்பும்போது மருமகனுக்குச் சுருக்கென்று உறைத்தது: சட்டை மாட்டாமல் மேலே போய்விட்டோம்.

படியின் அடியில் சுவரில் ஓர் ஆணி உண்டு. அதில் ஒரு காக்கிச் சட்டை தொங்கும். மாடிக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் போட்டிருக்கும் உடுப்பின் மேல் அதை மாட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். இறங்கியதும் ஆணியில் கழற்றி மாட்டிவிட்டுப் பக்கத்துக் குழாயில் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். மாமனார் போட்ட சட்டம் இது. பெரும்பாலும் மேலே போய்வருவது அவர் ஒருவர்தான் என்பதால், ஆணியில் சட்டை இருந்தால் மாமனார் கீழே இருக்கிறார் என்று பொருள்; இல்லையென்றால் மேலே.

மருமகன் இதற்கு வைத்த பெயர் ஆபரேஷன் தியேட்டர். "என்ன, டாக்டர் தியேட்டர்லயா இருக்கார்?" என்று வேலையிலிருந்து வந்ததும் மனைவியிடம் கேட்பான். அவள் சிரிப்பாள். மாமனார் காதில் விழுந்தால் அவரும் சிரிப்பார்.

இன்று காலை ஆணி வெறுமையாக இருந்தது. மனைவி போட்ட கூச்சலில் மருமகன் அதைப் பார்க்கக்கூட இல்லை. மேலே காக்கிச் சட்டையோடு கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார் மாமனார். முழங்காலின் மடிப்பில் கறுப்பாக, சுருண்டு, அசையாமல் கிரீஸ். அடுத்த தெரு டாக்டர் வந்து, தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகும்வரை அந்தப் பூனை இடத்தைவிட்டு நகரவில்லை.

கூடத்தில் கட்டிலில் அவரைக் கிடத்தி நிமிர்ந்தபோது கீழே வளரும் பூனைகள் இரண்டும் வந்துவிட்டன. பஞ்சு நேராக வந்து மருமகனின் முழங்காலில் தலையைத் தேய்க்கப் பார்த்தது. குண்டு வழக்கம்போல அதன் பின்னால். மருமகன் நெருப்பை மிதித்தவன் மாதிரி பின்வாங்கினான். குழாயடிக்குப் போய்த் தன் நீலச் சட்டையைக் கழற்றினான். எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, அந்த ஆணியிலேயே மாட்டினான். பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினான்.

வாசலில் ஆட்டோ நின்றது. மாமனாரின் தங்கை அழுதுகொண்டே உள்ளே வந்தவள், அழுகையை ஒரு கணம் நிறுத்தினாள்.

"ஏன் மாப்பிள்ளை, வீடு முழுக்க ஆளு வரப்போகுது, இப்படிப் பனியனோட நிக்கறீங்க?"

"இதோ போடறேங்க."

அவள் விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தாள்.

*

கிரீஸ் இந்த வீட்டுக்கு வந்தது ஒரு லிஃப்ட் குழியிலிருந்து. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும், பழைய வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால் மாமனார் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்படி ஒருநாள் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இறங்கியபோது, மூலையில் மசகெண்ணெயில் ஊறிப்போய், கண் மட்டும் தெரிய ஒரு குட்டி கிடந்தது. பைக்குள் போட்டுக்கொண்டார். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. நேராகப் பூனை டாக்டரிடம் போனார்.

அதற்குக் காரணம் ராணி. அவர் மகள் ஆசையாக வளர்த்த பூனை அது. வாசலுக்கு வந்துபோன ஒரு சாதுவான தெருப்பூனையோடு ஒரே தட்டில் தின்று, ஒன்றையொன்று நக்கிக்கொடுத்துக் கூடிக்கிடந்தது. பார்த்தவர்கள் எல்லாம் என்ன ஒற்றுமை என்று மெச்சினார்கள். கொஞ்ச நாளில் ராணி மெலிந்தது. ஈறு வெளுத்தது. காய்ச்சல் வந்து போய், வந்து போய், கடைசியில் போகாமல் நின்றது. எச்சிலில் பரவுகிற கிருமி, ரத்தத்தைக் கெடுக்கும், புற்றுநோய்கூட வரலாம், முன்னாலேயே தடுப்பூசி போட்டிருக்கலாம் என்றெல்லாம் டாக்டர் சொன்னபோது, 'போட்டிருக்கலாம்' என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டு மகள் உடைந்துபோனாள். பிறகு பஞ்சுவும் குண்டுவும் வந்தபோது, ரத்தம் சோதித்துத் தடுப்பூசி போட்ட பிறகுதான் அவை வீட்டுத் தரையில் கால் வைத்தன.

லிஃப்ட் குழியில் கிடந்த குட்டிக்கும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிருமி இருந்தது. சில பூனைகள் உடம்பிலேயே அதை அடக்கிவிடும், எதற்கும் இன்னொரு தடவை பார்ப்போம் என்றார் டாக்டர். சில வாரம் தன் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்து மறுபடி பார்த்தார். அப்போதும் இருந்தது.

"அப்ப இது மத்த பூனைங்களோட சேரக் கூடாது. அவ்வளவுதானே?" என்று கேட்டாராம் மாமனார். "மாடி ரூம் சும்மாதானே கிடக்கு."

அந்த அறை சும்மா கிடக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்கு வில்லை தேய்த்துக் கொடுப்பது மருமகனின் தொழில். கடையில் இடம் போதாமல், மாடி அறையில் இன்னொரு மிஷின் போட வேண்டும் என்று அவன் அளவெல்லாம் எடுத்துவைத்திருந்தான். மாமனாரின் வீடு, அவர் கட்டிலைத் தூக்கி மேலே போட்டுக்கொண்டு பூனையோடு குடியேறினால் யார் என்ன சொல்ல முடியும்? டீ குடிக்கறீங்களா, குடிச்சாச்சு என்ற அளவில் இருவருக்கும் பேச்சு சுருங்கியது.

அவர் மேலே போன பிறகு வீட்டில் ஒரு புதுச் சத்தம் சேர்ந்துகொண்டது. காலையும் மாலையும் கிரீஸ் சாப்பிட்டு முடித்ததும் மாமனார் ஸ்பேனரால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். லிஃப்ட் குழிக்குள் ஒருவரும் மேலே ஒருவருமாக வேலை செய்யும்போது இரும்பில் தட்டித்தான் பேசிக்கொள்வார்களாம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் எல்லாம் சரி. சமையலறையில் அந்தச் சத்தம் கேட்டதும் மகள் டீயை ஆற்ற ஆரம்பிப்பாள். அவர் இறங்கி, சட்டையை மாட்டி, கைகழுவி வருவதற்கும் டீ குடிக்கிற சூட்டுக்கு வருவதற்கும் சரியாக இருக்கும்.

இன்று அவள் காத்திருந்தாள். டீயில் ஆடை படிந்தது. அப்போதுதான் படியேறினாள்.

*

மதியத்துக்குள் கூடம் நிறைந்துவிட்டது. தங்கை ஒரு புது வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இந்த அழுக்குச் சட்டையோடவா அனுப்புறது? என் அண்ணன் நாலு பேருக்கு முன்னாடி கௌரவமா போக வேண்டாமா?"

"அது அழுக்கு இல்ல அத்தை. தினமும் துவைப்பாரு" என்றாள் மகள். "அது அப்படியே இருக்கட்டும்."

சொல்லிவிட்டுத் திரும்பியவள் படிக்கட்டைப் பார்த்து நின்றுவிட்டாள். ஆணியில் சட்டை தொங்கியது. அவள் தோள் ஒரு கணம் லேசானதை மருமகன் பார்த்தான். பிறகு அது நீலம் என்று அவளுக்குத் தெரிந்தது. கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். ஆணியில் சட்டை இருந்தால் அப்பா கீழே. பொய் இல்லை, கீழேதான் இருந்தார்.

மருமகன் அவளுக்குத் தண்ணீர் எடுத்துவரச் சமையலறைக்குப் போனான். அங்கே ஜன்னலுக்கு அடியில் பஞ்சுவும் குண்டுவும் ஒரே தட்டில் தலையைக் கொடுத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. தட்டின் விளிம்பைச் சுற்றிச் சிவப்பு இன்சுலேஷன் டேப்.

மாடியில் இருக்கும் பாத்திரங்கள் எல்லாவற்றுக்கும் மாமனார் சிவப்பு டேப் சுற்றியிருந்தார். எந்தக் காரணம் கொண்டும் அவை கீழே வரக் கூடாது.

மருமகன் குனிந்து தட்டை வெடுக்கென்று பிடுங்கினான். தண்ணீர் அவன் வேட்டியெல்லாம் கொட்டியது. பூனைகள் மூலைக்குப் பறந்தன.

"தண்ணி குடிக்கறதைப் பிடுங்குவாங்களா?" பின்னால் தங்கையின் குரல். "காலைலேர்ந்து ஒரு நாதி கவனிக்கல, பாவம் கத்திக்கிட்டுக் கிடந்துதுங்க. நான்தான் வச்சேன்."

"இது எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"மேல போயி அண்ணனோட கண்ணாடி, துணிமணியெல்லாம் எடுத்தேன். அங்க இருந்துச்சு. ஏன், எடுக்கக் கூடாதா?"

"மாடிக் கதவைச் சாத்துனீங்களா?"

"சாத்தாம? அந்தக் கறுப்பு கட்டிலுக்கடில இருந்து என்னை முழுங்குற மாதிரி பார்க்குது. சாத்திட்டு ஓடியே வந்தேன்."

சத்தம் கேட்டு வந்த மகள், கணவன் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். பூனைகள் இருந்த மூலையில் போய்ச் சரிந்து உட்கார்ந்து, இரண்டையும் அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து அவள் முகத்தில் இருந்தது துக்கம். இப்போது வந்தது பயம். மருமகனுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. ராணி செத்த அன்றைக்கும் இதே முகம்தான்.

*

நல்லவேளையாக, துக்கம் கேட்க வந்தவர்களில் பூனை டாக்டரும் இருந்தார். சின்ன வயசுப் பெண். கட்டிலின் அருகே நின்று, காக்கிச் சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருமகன் அவரைச் சமையலறைக்கு அழைத்துவந்து தட்டைக் காட்டி நடந்ததைச் சொன்னான்.

"கிரீஸ் இதுல எப்ப சாப்பிட்டுச்சு?"

"நேத்து சாயந்திரமா இருக்கும்."

"எடுத்ததும் அப்படியே தண்ணி ஊத்தி வச்சீங்களாம்மா?" என்று தங்கையிடம் கேட்டார்.

"அப்படியேவா?" தங்கைக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க வீட்டுல எச்சித் தட்டுல யாருக்கும் ஊத்த மாட்டோம். சோப்பு போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவித்தான் வச்சேன்."

"நல்லா தேய்ச்சீங்களா?"

"தேய்ச்சேங்கறேன்ல. ரெண்டு தடவை." குரல் இறங்கியது. "என் அண்ணன் கடைசியா சாப்பிட்ட தட்டுன்னு நெனச்சேன். சும்மா அலசி வைக்க மனசு வரல."

குழாயிலிருந்து சொட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்ப பயப்பட ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர், மகளின் பக்கம் குனிந்து. "அது எச்சில்ல இருக்கிற கிருமி. பூனை உடம்பை விட்டு வெளிய வந்தா ரொம்ப நேரம் தாங்காது, காய்ஞ்சாலே போயிடும். சோப்புன்னா அதுக்கு எமன்..." என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார். "இதுங்க ரெண்டுக்கும் ஊசியும் தவறாம போட்டிருக்கு. உங்க மனசு கேக்கலைன்னா கொஞ்ச வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, ஒரு தடவை ரத்தம் பார்த்துடலாம்."

மகள் தலையை ஆட்டினாள். பஞ்சுவின் முதுகில் வைத்த கையை எடுக்கவில்லை.

தங்கை விடவில்லை. "ஏம்மா டாக்டரு, நீங்க சொல்லுங்க. அந்தக் கறுப்புக்கு ரத்தத்துல புத்துநோய்னு சொல்றாங்க. அது கூடவே படுத்து, அது மூச்சையே சுவாசிச்சுத்தானே என் அண்ணனுக்கு இப்படி ஆச்சு?"

"இல்லம்மா. இது பூனைகிட்டேர்ந்து பூனைக்குத்தான். மனுஷங்களுக்கு வராது. நாய்க்குக்கூட வராது. ஐயாவுக்கு இருந்தது இதயத்துல கோளாறு."

"அப்புறம் எதுக்கு இந்த டேப்பு, சட்டை, சோப்பு எல்லாம்?"

"அது நமக்காக இல்லம்மா." டாக்டர் மகளின் மடியைக் காட்டினார். "இதுங்களுக்காக. சட்டைகூட நான் சொன்னது இல்ல, கை கழுவுனா போதும்னுதான் சொன்னேன். இருக்கட்டும் டாக்டரம்மா, சட்டை மாட்டிக் கழட்டுனாத்தான் எனக்குக் கை கழுவ ஞாபகம் வரும்னார்."

மருமகன் தரையைப் பார்த்தான்.

"என்ன இருந்தாலும் அது இனிமே இங்க வேண்டாம்" என்றாள் தங்கை, கொஞ்சம் தணிந்து. "யாரு பார்ப்பா? மீன் மார்க்கெட் பக்கம் விட்டா பொழைச்சுக்கும்."

"பொழைக்காதும்மா. இதுக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி, வெளிய ஒரு சின்ன காய்ச்சலே போதும். அதுக்குள்ள அங்க இருக்கிற பூனைங்களோட சண்டை போட்டுக் கடிக்கும், தட்டைப் பங்கு போடும். அதுங்களுக்கும் போகும்." டாக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "உள்ளயே வச்சு, வேக வச்சதா குடுத்து, முகம் வாடினா உடனே கூட்டிட்டு வந்தா, இன்னும் சில வருஷம்கூட இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. ஐயாகிட்ட இதைத்தான் சொன்னேன். எனக்கும் என் டாக்டர் இதேதான் சொல்லியிருக்காரு, யாரு முந்தறாங்கன்னு பார்ப்போம்னு சிரிச்சார்."

வாசல் வரை கொண்டுவிடப் போன மருமகனிடம் அவர் மெதுவாகக் கேட்டார்: "காலைலேர்ந்து கிரீஸ் சாப்பிட்டுச்சா?"

அவனுக்குத் தெரியவில்லை.

"நாளைக்குள்ள சாப்பிட வச்சுடுங்க சார். பட்டினி கிடந்தா அதுக்குத் தாங்காது."

*

வெயில் தாழும் முன்பே வண்டி வந்தது. காக்கிச் சட்டையோடு மாமனார் கிளம்பினார். ஆக வேண்டியதெல்லாம் ஆகித் திரும்பிவந்து, குளித்து, டீ குடித்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்ளாமல் கலைந்தார்கள்.

தங்கை ஒரு பேச்சை முடிக்காமல் கிளம்புகிறவள் அல்ல. "மாப்பிள்ளை, வாயைத் திறந்து சொல்லுங்க. மேல மிஷின் போடணும்னு நீங்க ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருந்ததா கேள்விப்பட்டேன். இனிமே உங்க இஷ்டம்தானே?"

மகள் பூனைகளுக்குச் சாப்பாடு பிசைந்துகொண்டிருந்தாள். அவள் கை நின்றதே தவிர, தலை நிமிரவில்லை.

மருமகனுக்கு ஒரு காலை நினைவுக்கு வந்தது. மாமனார் படியின் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, காலைல ஒரு வேளை மட்டும் கிரீஸை நீங்க பார்த்துக்கறீங்களா?" என்று கேட்டார். அவரைத் தாண்டி வாசலுக்குப் போய்க்கொண்டே, "தியேட்டர் வேலையெல்லாம் நமக்குப் பழக்கமில்ல மாமா" என்று இவன் சொன்னான். அவர் சிரித்தார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

"அந்த மிஷின் ரொம்பச் சத்தம் போடும்" என்றான் மருமகன். "பூனைக்கு ஆகாது."

தங்கை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சமையலறை மேடையிலிருந்த தட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். விளிம்பில் புதுச் சிவப்பு டேப் நேராகச் சுற்றியிருந்தது.

"தேய்ச்சதுல பழசு ஓரம் பிரிஞ்சு போச்சு. மேல அண்ணன் பையிலேயே டேப்பு கிடந்துச்சு, எடுத்தாந்து சுத்தி வச்சிருக்கேன்." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கறுப்பு கறிகிறி தின்னுமா, இல்ல அதுக்கும் பத்தியமா?"

"வேக வச்ச கோழி தின்னும் அத்தை" என்றாள் மகள்.

"அடுத்த தடவை வரும்போது கொண்டு வர்றேன். எனக்கொண்ணும் அது மேல ஆசை கிடையாது, சொல்லிட்டேன்."

அவள் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. மருமகன் ஃப்ரிட்ஜில் கிரீஸுக்கென்று இருந்த கோழியை வேகவைத்து, எலும்பு நீக்கி, விரலால் பிய்த்துப் பிய்த்து அந்தத் தட்டில் போட்டான். படியடிக்கு வந்தான். ஆணியிலிருந்து நீலச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"தியேட்டருக்கா?"

"ம்."

அவள் மறுபடி குழாயைத் திறந்தாள்.

மேலே அறையில் மாலை வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. கட்டிலில் அவர் படுத்த பள்ளம் அப்படியே இருந்தது. அதன் நடுவில் கிரீஸ். தட்டைத் தரையில் வைத்தான். அது பார்த்தது, வரவில்லை. "வா" என்றான். அதற்குமேல் ஒரு பூனையிடம் என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் நகர்த்தி வைத்தான். அப்போதும் வரவில்லை.

பார்த்துக்கொண்டே இருந்தால் சாப்பிடாது, கூச்சம் ஜாஸ்தி என்று மாமனார் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது எப்போதோ அவன் காதில் விழுந்திருக்கிறது. மருமகன் தரையில் உட்கார்ந்து சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டான். கருவிப் பை சுவரோரம் வாய் திறந்து கிடந்தது. அதற்கு மேலே, மிஷினுக்காக அவன் எப்போதோ போட்ட பென்சில் கோடு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வெளிச்சம் குறைந்து, கோடு இருக்கிற இடம் தெரியாமல் போயிற்று.

கட்டில் லேசாகக் கிறீச்சிட்டது. பிறகு தரையில் மெத்தென்று ஒரு சத்தம். நெடுநேரம் ஒன்றுமில்லை. நீலச் சட்டையின் நுனியில் மூச்சுக்காற்று பட்டுப் பட்டு விலகியது. அவன் அசையவில்லை. அதன் பிறகு, தட்டு தரையில் உராயும் ஓசையும், சின்னச் சின்னதாக மெல்லும் ஓசையும் கேட்டன.

அது நாக்கால் தட்டை வழித்து முடிக்கும்வரை அவன் திரும்பவில்லை. முடிந்ததும் பைக்குள் கையை விட்டுத் துழாவி, ஸ்பேனரை எடுத்தான். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

தரையில் இரண்டு தட்டுத் தட்டினான்.

கீழே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு, அவள் டீ ஆற்றும் ஓசை கேட்டது.